வானிலைச் செயற்கைக்கோள் அளவீடுகள்: பிழை தேடும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிடலாமா?

முகில்தடம் எழுதியது:

வானிலைச் செயற்கைக்கோள் என்றதும் செய்திகளில் சுழலும் மேகப்படமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. 1960 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட டைரோஸ்-1 அனுப்பியவையும் படங்கள்தாம். ஆனால் இன்று இத்துறையில் இருக்கும் விஞ்ஞானிகளின் நேரத்தில் பெரும்பகுதி படம் பார்ப்பதில் செலவாவதில்லை. அளவீடுகளுக்குள் ஒளிந்திருக்கும் சிறு பிழைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதிலேயே செலவாகிறது. உணரி எவ்வளவு சூடாகிவிட்டது, சுற்றுப்பாதை எவ்வளவு இறங்கிவிட்டது, ஒரே இடத்தைப் பார்க்கும் இரண்டு கருவிகள் ஏன் இரு வேறு எண்களைச் சொல்கின்றன என்பன போன்ற, வெளியே யாரும் கவனிக்காத கேள்விகளே அவர்களுடைய அன்றாட வேலை.

2025ஆம் ஆண்டு இத்துறைக்கு ஒரு திருப்புமுனை என்று நினைக்கிறேன். ஜூலை 1 அன்று ஐரோப்பாவின் எம்டிஜி-எஸ்1, அகச்சிவப்பில் வளிமண்டலத்தை அடுக்கடுக்காக அளக்கும் கருவியோடு, பூமியோடு ஒத்துச் சுழன்று ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைப் பாதைக்குப் புறப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று மெட்டாப்-எஸ்ஜி ஏ1 துருவப் பாதைக்குச் சென்றது. அதே ஆண்டு பிப்ரவரி 25 அன்று, ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம் ஏஐஎஃப்எஸ் என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மார்ச் மாதத்தில் நேச்சர் இதழில் வெளிவந்த ஆர்ட்வார்க் என்னும் மாதிரி, இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு இயங்கும் மாதிரி எதையும் இடையில் வைக்காமல், அளவீடுகளிலிருந்து நேராக முன்கணிப்புக்குப் போக முடியும் என்று காட்டியது.

இங்கேதான் என் கேள்வி எழுகிறது. கதிர்வீச்சு எண்ணுக்கும் நாளைய வானிலைக்கும் உள்ள உறவை இயந்திரமே கற்றுக்கொள்ளும் என்றால், பிழை தேடும் அந்தப் பழைய வேலை இனியும் தேவையா? தேவை, முன்னைவிட அதிகமாகத் தேவை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

கதிரளவி எழுதியது:

நல்ல இழை. விவாதத்துக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் வெப்பநிலையை அளப்பதில்லை, ஈரப்பதத்தையும் அளப்பதில்லை. குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் வளிமண்டலத்திலிருந்து வந்து சேரும் கதிர்வீச்சை மட்டுமே அளக்கிறது. மற்றவை எல்லாம் நாம் அதிலிருந்து வருவித்துக்கொள்பவை.

50 முதல் 60 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான நுண்ணலைப் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கதிர்வீச்சை உமிழ்வது ஆக்சிஜன். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பதால், உமிழ்வின் வலிமை அந்தக் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தே அமைகிறது. பட்டையின் நடுப்பகுதியில் உயரமான அடுக்குகளிலிருந்தும், ஓரத்துக்கு வரவரத் தாழ்வான அடுக்குகளிலிருந்தும் கதிர்வீச்சு வருகிறது. ஆனால் அடுக்குகளுக்கு இடையில் கூர்மையான எல்லை கிடையாது. ஒரே எண்ணை வெவ்வேறு வெப்பநிலை அமைப்புகள் தரக்கூடும். அதனால்தான் 1990களில், கதிர்வீச்சை முதலில் வெப்பநிலையாக மாற்றிப் பிறகு வானிலையை முன்கணிக்கும் கணினி மாதிரிக்குள் செலுத்தும் வழக்கம் கைவிடப்பட்டு, கதிர்வீச்சு எண்களையே நேரடியாக உள்வாங்கும் முறை வந்தது. மாதிரியின் வளிமண்டலத்திலிருந்து எந்தக் கதிர்வீச்சு வெளிவரும் என்று கணக்கிட்டு, அளந்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கொண்டு மாதிரியைத் திருத்துகிறார்கள். மாதிரியின் குறுகியகால முன்கணிப்பு இப்போதெல்லாம் உண்மைக்கு மிக நெருக்கமாகவே இருப்பதால், திருத்த வேண்டிய வேறுபாடு ஒரு டிகிரியின் சிறு பகுதியாக இருக்கிறது. கருவியின் பிழையும் அதே அளவில் இருந்தால் எதைத் திருத்துகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும்.

இதற்கு நான் அறிந்தவற்றுள் சிறந்த எடுத்துக்காட்டு ஏயோலஸ் என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள். 2018 ஆகஸ்ட் 22 அன்று ஏவப்பட்ட இக்கலம், 355 நானோமீட்டர் புற ஊதா லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சி, காற்று மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுத் திரும்பும் ஒளியின் டாப்ளர் விலகலிலிருந்து காற்றின் வேகத்தைக் கணித்தது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அந்த ஒளியின் அலைவெண்ணை ஏறத்தாழ 15 கோடியில் ஒரு பங்கு மட்டுமே மாற்றும். அவ்வளவு நுண்ணிய அளவீடு. தொடக்கத்தில் வந்த தரவுகளைப் பார்த்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள்: சுற்றுப்பாதையின் போக்கில் பிழை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, சில இடங்களில் அது நொடிக்கு 8 மீட்டர் வரை போனது. ஐரோப்பிய மையத்தின் மாதிரிக் காற்றோடு ஒப்பிட்டு, பிழை எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று வரைந்து பார்த்து, கலத்தில் இருந்த மற்ற எல்லா அளவீடுகளோடும் பொருத்திப் பார்த்தபோது, தொலைநோக்கியின் 1.5 மீட்டர் விட்டமுள்ள முதன்மை ஆடியில் கொண்டுபோய் நிறுத்தியது தேடல். கீழே மேகம், பனி, கடல் என்று காட்சி மாறும்போது பூமியிலிருந்து மேலே வரும் வெப்பமும் மாறுகிறது. அதனால் ஆடியின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் மிகச் சிறிய வெப்பநிலை வேறுபாடு உண்டாகிறது. ஆடியின் வடிவம் இம்மியளவு திரிகிறது. காற்றின் வேகம் பொய்யாகிறது. ஆடியிலேயே பொருத்தப்பட்டிருந்த வெப்பமானிகளின் எண்களைக் கொண்டு 2020 ஏப்ரலில் இதற்குத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆடியின் சூட்டை இவ்வளவு பொறுமையாகத் துரத்திப் பிடித்த அந்தக் குழுவினரை எண்ணும்போதெல்லாம் எனக்கு மதிப்புக் கூடுகிறது.

எண்வழி எழுதியது:

கதிரளவி அவர்களின் விளக்கம் அருமை. ஆயினும் அதே எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கும் வலு சேர்க்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏயோலஸின் பிழையைக் காட்டிக்கொடுத்தது மாதிரியோடு செய்த ஒப்பீடு. திருத்தியது வெப்பமானி எண்களுக்கும் பிழைக்கும் உள்ள புள்ளியியல் உறவு. இரண்டுமே இயந்திரம் செய்யக்கூடியவை. ஐரோப்பிய மையத்தில் 2006 முதலே, ஒவ்வோர் உணரியின் சார்புப் பிழையையும் (ஒரே பக்கமாகச் சாயும் பிழை) உள்வாங்கும் போக்கிலேயே தானாக மதிப்பிட்டுத் திருத்தும் முறை நடைமுறையில் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து ஒவ்வோர் அலைவரிசைக்கும் கையால் திருத்தம் எழுதுவதில்லை.

மெட்டாப் கலங்களில் உள்ள ஐஏஎஸ்ஐ என்னும் அகச்சிவப்புக் கருவி ஒன்றுக்கே 8461 அலைவரிசைகள் இருக்கின்றன. அடுத்த தலைமுறைக் கருவிகளில் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும். இவற்றில் ஒரு சிறு பகுதியைத்தான் இன்றைய முறைகள் பயன்படுத்துகின்றன. மற்றவை வீணாகின்றன என்று சொல்ல மாட்டேன், ஆனால் முழுப் பயனைத் தரவில்லை. ஐரோப்பிய மையத்திலேயே கிராஃப்டாப் என்னும் ஆய்வு மாதிரி, மீள்பகுப்பாய்வுத் தரவு (பழைய அளவீடுகளை மாதிரியோடு இணைத்து மீண்டும் கணக்கிட்ட வானிலைப் பதிவு) எதையும் தொடாமல், வெறும் அளவீடுகளிலிருந்தே அளவீடுகளை முன்கணிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. கருவியின் பிழையும் அந்தக் கற்றலுக்குள் அடங்கிவிடும். விஞ்ஞானிகளின் அரிய நேரத்தைப் புதிய கேள்விகளுக்குத் திருப்பிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

தொடுவானம் எழுதியது:

எண்வழி அவர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மாறாத பிழையை இந்த மாதிரிகளின் அடிப்படையான நரம்பு வலைப்பின்னல் கற்றுக்கொள்ளும். ஒரு கருவி எப்போதும் அரை டிகிரி கூடுதலாகக் காட்டினால் அது சிக்கலே அல்ல. சிக்கல், மெல்ல மெல்ல நகரும் பிழை. அது உண்மையான மாற்றத்தின் உடையை அணிந்துகொண்டு வரும்.

நுண்ணலை வெப்பநிலைப் பதிவின் வரலாற்றை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1978இன் இறுதியிலிருந்து துருவப் பாதைக் கலங்களில் நுண்ணலை உணரிகள் தொடர்ந்து இருந்துவருகின்றன. 1990இல் ராய் ஸ்பென்சரும் ஜான் கிறிஸ்டியும் இவற்றின் அளவீடுகளை ஒன்றாகத் தைத்து, உலக வளிமண்டல வெப்பநிலைத் தொடரை உருவாக்கினார்கள். பெரிய உழைப்பு அது. ஆனால் அத்தொடரில் தாழ்வான அடுக்கு வெப்பமடைவதாகத் தெரியவில்லை. தரையிலிருந்த வெப்பமானிகளோ வெப்பமடைவதாகக் காட்டின. எது சரி என்று பல ஆண்டுகள் வாதம் நடந்தது.

1998இல் பிராங்க் வென்ட்ஸும் மத்தியாஸ் ஷாபெலும் ஒரு காரணத்தைக் கண்டார்கள். மேல் வளிமண்டலத்தின் மெல்லிய இழுவையால் கலங்கள் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயரம் இழக்கின்றன. தாழ்வான அடுக்கின் வெப்பநிலையைப் பெற, நேர்கீழாகப் பார்க்கும் அளவீட்டையும் சாய்வாகப் பார்க்கும் அளவீட்டையும் ஒன்றோடொன்று கழித்துக் கணக்கிட்டார்கள்; கலம் இறங்கும்போது சாய்வுக் கோணம் மாறுகிறது; அந்தக் கோண மாற்றம் கணக்கில் குளிர்ச்சியாக வந்து நிற்கிறது. அதாவது, கலம் விழுந்துகொண்டிருந்ததை வளிமண்டலம் குளிர்வதாகப் படித்துக்கொண்டிருந்தோம். கதை அதோடு முடியவில்லை. கலங்கள் உயரத்தில் மட்டும் அல்ல, நேரத்திலும் நழுவுகின்றன; பிற்பகல் 2 மணிக்கு ஓர் இடத்தைக் கடந்துகொண்டிருந்த கலம் சில ஆண்டுகளில் மாலையை நோக்கிப் போய்விடும். இதற்கான திருத்தத்தில் குறியே தலைகீழாக இருந்தது என்பதை 2005இல் கார்ல் மியர்ஸும் வென்ட்ஸும் காட்டினார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்டியும் அதை ஏற்றுத் தங்கள் தொடரைத் திருத்திக்கொண்டார்கள்.

இந்தத் தரவை மட்டும் வைத்து ஒரு வலைப்பின்னலைப் பழக்கியிருந்தால் அது எதைக் கற்றிருக்கும்? வளிமண்டலம் குளிர்கிறது என்பதைத்தான். சுற்றுப்பாதையின் உயரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றியிருக்குமா? உயரத்தை உள்ளீடாகக் கொடுத்தாலும், குளிர்ச்சியும் இறக்கமும் கைகோத்தே நடந்த அந்த ஆண்டுகளின் தரவிலிருந்து எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய வழி ஏது?

தானியங்கித் திருத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். அது வேலை செய்வதற்குக் காரணம், சில அளவீடுகளை மட்டும் திருத்தாமல் நங்கூரமாக விட்டுவைத்திருப்பதே. ரேடியோ மறைப்பு அளவீடு அவற்றுள் தலையாயது. ஜிபிஎஸ் போன்ற கலங்களின் அலைகள் வளிமண்டலத்தின் விளிம்பைத் துளைத்து வரும்போது எவ்வளவு வளைகின்றன என்பதை, அணுக்கடிகாரத்தின் துணையோடு நேரத்தாமதமாக அளக்கிறார்கள். நேரம் நழுவாது என்பதால் அதற்கு அளவுத்திருத்தம் தேவைப்படுவதில்லை. பலூன் அளவீடுகளும் துணைக்கு இருக்கின்றன. இந்த நங்கூரங்கள் இல்லாவிட்டால், மாதிரியின் சொந்தக் குறையைக் கருவியின் தலையில் கட்டிவிட்டு முறை நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த அளவீடு நங்கூரம் ஆகலாம் என்று முடிவு செய்தது இயந்திரம் அல்ல.

புதுமழை எழுதியது:

நான் இத்துறைக்குப் புதியவன், ஒரு கேள்வி. 2025 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டிஎம்எஸ்பி கலங்களிலிருந்து வரும் எஸ்எஸ்எம்ஐஎஸ் நுண்ணலைத் தரவை மாத இறுதியில் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தபோது, புயல் ஆய்வாளர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள்? புவிநிலைக் கலங்கள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை முழுப் பூமியையே படம் எடுக்கின்றனவே, அது போதாதா?

தொடுவானம் எழுதியது:

நல்ல கேள்வி. புவிநிலைக் கலம் 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அகச்சிவப்பிலும் பார்க்கிறது. அது காண்பது புயலின் கூரையை. வீரியம் பெறத் தொடங்கும் புயலின் மேல் பெரும்பாலும் பனித்துகள் மேகம் போர்வைபோல் மூடியிருக்கும். கீழே கண் உருவாகிவிட்டதா, கண்ணைச் சுற்றிய மழைச்சுவர் வளையமாக மூடிக்கொண்டதா என்பது மேலிருந்து தெரியாது. இரவில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இல்லை. 91 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலான நுண்ணலையோ அந்த மெல்லிய போர்வையைத் துளைத்து, தீவிர மழைப்பகுதியில் உள்ள பெரிய பனித்துகள்கள் சிதறடிப்பதைக் காட்டிவிடுகிறது. வளையம் மூடுவது புயல் வேகமாக வலுக்கப்போவதன் அறிகுறிகளில் ஒன்று. ஓர் இரவு முழுவதும் அதைப் பார்க்காமல் விட்டுவிட்டு, விடிந்ததும் எதிர்பாராத வலிமையோடு புயல் நிற்பதைக் காண நேர்வதுதான் முன்கணிப்பாளர்களின் அச்சம்.

நுண்ணலைக் கருவிகள் தாழ்வான துருவப் பாதையில் இருப்பதால், ஒரு கலம் ஒரே இடத்தை நாளுக்கு இரண்டு முறைதான் காணும். அதுவும் கலம் வருடிச் செல்லும் பரப்புக்குள் புயல் அகப்பட்டால் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு கலமும் முக்கியம். அந்த முடிவு முதலில் ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போடப்பட்டது. பிறகு 2026 செப்டம்பர் வரை தரவு தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடிய ஜப்பானின் ஏஎம்எஸ்ஆர்-3 கருவி 2025 ஜூன் இறுதியில் ஏவப்பட்டது. டிராபிக்ஸ் போன்ற சிறு கலங்களும், 2024 ஆகஸ்டில் சென்ற ஆர்க்டிக் வானிலைக் கலமும், சிறிய உடலிலும் நல்ல நுண்ணலை அளவீடு சாத்தியம் என்று காட்டியிருக்கின்றன.

கதிரளவி எழுதியது:

நுண்ணலை பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சேர்க்கிறேன். எண்வழி அவர்களின் வாதத்துக்கு இது நேரடியான பதிலும் ஆகும். நீராவி 22.235 ஜிகாஹெர்ட்ஸில் உமிழ்கிறது. அது மூலக்கூறின் இயல்பு. வேறு அலைவரிசைக்கு மாறிப்போகும்படி அதைக் கேட்க முடியாது. வானிலைக் கலங்கள் அதன் அருகில் 23.8 ஜிகாஹெர்ட்ஸில் நீராவியை அளக்கின்றன. 5ஜி தொலைத்தொடர்புக்கு ஒதுக்கப்பட்ட பட்டைகளில் ஒன்று 24.25இல் தொடங்குகிறது. பக்கத்துப் பட்டையிலிருந்து கசியும் அலை, கலத்தின் உணரிக்குக் கூடுதல் ஈரப்பதமாகவே தெரியும். 2019இல் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் கசிவு வரம்பு, அடிநிலையங்களுக்கு 200 மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 33 டெசிபல் வாட் என்றும், 2027 செப்டம்பர் 1க்குப் பிறகு நிறுவப்படுபவற்றுக்கு மைனஸ் 39 என்றும் முடிவானது (எண் இறங்க இறங்க வரம்பு கடுமை). உலக வானிலை அமைப்பு கேட்டது இதைவிடப் பல மடங்கு கடுமையான வரம்பு.

இந்தக் கசிவு நகரத்துக்கு நகரம் மாறும், நேரத்துக்கு நேரம் மாறும், ஆண்டுக்கு ஆண்டு கூடும். கடந்த காலத்தில் இல்லாத ஒன்றைக் கடந்த காலத் தரவில் பழகிய மாதிரி எப்படி இனங்காணும்?

அலைவாங்கி எழுதியது:

கருவிகளை உருவாக்கும் இடத்தில் நான் இல்லை. வீட்டு மாடியில் அலைவாங்கி வைத்துக் கலங்களைக் கேட்ட ஆர்வலன் மட்டுமே. ஆனால் இந்த இழையின் மையப்பொருளை நான் முதலில் புரிந்துகொண்டது அந்த மாடியில்தான் என்பதால் எழுதுகிறேன்.

நோவா-15, 18, 19 ஆகிய மூன்று அமெரிக்க வானிலைக் கலங்களும் 137 மெகாஹெர்ட்ஸில் படங்களை ஒலியாகவே அனுப்பின. இரண்டு அலுமினியக் குச்சிகளை 120 பாகையில் விரித்துக் கட்டினால் போதும். கலம் தொடுவானத்துக்கு மேல் வந்ததும் இரைச்சலுக்கு நடுவிலிருந்து நொடிக்கு இரண்டு முறை துடிக்கும் ஓர் ஒலி எழும்பும். ஒவ்வொரு துடிப்பும் படத்தின் ஒரு வரி. கால் மணி நேரத்துக்குள் கலம் மறுபுறம் இறங்கிவிடும்.

முதலில் மேகத்தை மட்டுமே பார்த்தேன். படத்தின் ஓரத்தில் ஒரே நிறமாக ஓடும் மெல்லிய பட்டையையும், அதன் எதிர்ப்பக்கத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள் அடுக்கடுக்காக வருவதையும் வெட்டியெறிந்துகொண்டிருந்தேன். பல மாதங்கள் கழித்துத்தான் அவை என்னவென்று அறிந்தேன். ஒவ்வொரு வரியிலும் கருவி ஒருமுறை வெற்று விண்வெளியைப் பார்க்கிறது. ஒருமுறை தன் உடலுக்குள்ளேயே இருக்கும், வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பரப்பைப் பார்க்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பூமியை அளக்கிறது. ஓரத்தில் வந்த பட்டை விண்வெளி. கட்டங்களில் அந்தக் கரும்பரப்பின் வெப்பமானி எண்களும் இருந்தன. நான் வெட்டியெறிந்த பகுதி இல்லாவிட்டால் எஞ்சிய பகுதிக்கு டிகிரி என்ற அளவே கிடையாது.

மூன்று கலங்களும் 2025இல் ஓய்வு பெற்றன. நோவா-15 ஏவப்பட்டது 1998இல். 27 ஆண்டுகள் அது துடித்துக்கொண்டிருந்தது.

எண்வழி எழுதியது:

எல்லோருடைய பதில்களையும் இரண்டு முறை படித்தேன். மெல்ல நகரும் பிழை, கசிவு அலை ஆகிய இரண்டிலும் என் வாதம் பலவீனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலும் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்: ஆர்ட்வார்க்கும் பழகும்போது ஈஆர்ஏ-5 மீள்பகுப்பாய்வையே இலக்காகக் கொண்டது, ஏஐஎஃப்எஸ் இன்றும் தன் தொடக்க நிலையை வழக்கமான உள்வாங்கல் முறையிலிருந்தே பெறுகிறது. பிழை தேடியவர்களின் உழைப்பு இவற்றின் அடியில் ஏற்கெனவே படிந்திருக்கிறது.

இருந்தும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பிழையை இயந்திரத்தால் கண்டுபிடிக்க முடியாது என்பது நிறுவப்பட்டதா, அல்லது இதுவரை நாம் அதைச் சரியாகச் சோதிக்கவில்லையா?

முகில்தடம் எழுதியது:

நேர்மையான கேள்வி. சோதிக்கலாம், அதற்கான பொருளும் கையில் இருக்கிறது. நுண்ணலை உணரிகளின் பழைய மூலத் தரவு, சுற்றுப்பாதை இறக்கத்துக்கான திருத்தம் எதுவும் செய்யப்படாத வடிவில், காப்பகங்களில் இருக்கிறது. அதை மட்டும் கொடுத்து ஒரு மாதிரியைப் பழக்கிப் பார்க்கலாம். கலம் விழுவதை அது கண்டுகொள்கிறதா, அல்லது வளிமண்டலம் குளிர்வதாகச் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

மூலத் தரவைக் காப்பதன் அருமைக்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. 2017 அக்டோபரில் அமெரிக்காவின் கிழக்கு டெக்சஸிலிருந்து கான்சஸ் நகரம் அருகே வரை 829 கிலோமீட்டர் நீண்ட ஒரு மின்னலை கோஸ்-16 என்னும் அமெரிக்கப் புவிநிலைக் கலம் பதிவு செய்திருந்தது. முதல் ஆய்வில் அது கண்ணில் படவில்லை. பழைய தரவை மீண்டும் அலசியபோதுதான் வெளிப்பட்டது. உலக வானிலை அமைப்பு அதை உலகின் மிக நீண்ட மின்னலாக 2025 ஜூலையில் அறிவித்தது.

தொடுவானம் எழுதியது:

முகில்தடம் அவர்கள் சொல்லும் சோதனை சரியானது. ஒரு நிபந்தனையை மட்டும் சேர்க்க வேண்டும். பலூன் அளவீடுகளையும் ரேடியோ மறைப்பு அளவீடுகளையும் மாதிரியைப் பழக்கும்போது கொடுக்காமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். மாதிரி சொல்வதை இறுதியில் ஒப்பிட்டுப் பார்க்க, அது இதுவரை கண்டிராத ஏதாவது ஒன்று நம் கையில் இருக்க வேண்டும்.

எண்வழி எழுதியது:

ஏற்கிறேன். மாதிரியை இரண்டு முறை தனித்தனியாகப் பழக்க வேண்டும்: ஒருமுறை கலத்தின் உயரமும் கடக்கும் நேரமும் உள்ளீடாக இருக்க வேண்டும், மறுமுறை அவை இருக்கக் கூடாது. ரேடியோ மறைப்பு அளவீடுகள் போதிய எண்ணிக்கையில் கிடைப்பது 2006க்குப் பிறகுதான் என்பதால், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பலூன்களை மட்டுமே ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தெந்தக் கலங்களின் மூலத் தரவு இடைவெளியின்றிக் கிடைக்கிறது என்று பார்த்து, அந்தப் பட்டியலோடு இங்கே வருகிறேன்.